எயார் ரைபிள் வாங்கப்போகும் தம்பிமாருக்கு



நேற்றுப் பின்னேரம் என்னிடம் படித்த ஒரு தம்பி போனைக் கொண்டுவந்து காட்டினார். "சேர், தூரத்துல உள்ள முயலு, அணிலு அடிக்க இதுல எது நல்லம்?" எல்லாம் எயார் ரைபிள் படங்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் அவருடைய அம்மா போட்ட லீக்ஸ், கரட் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போயிருக்கிறது. மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கொண்டது. கொழுந்துச் சம்பளத்தோடு அந்தப் பாத்தியும் சேர்ந்தால்தான் அந்த வீட்டில் மாதம் ஓடும்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அவர் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல இது.

முதலில் "தூரம்". கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பிரிங் ரைபிள் 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைத் தள்ளும். இங்கிலாந்தில் தனி அனுமதி இல்லாமல் வைத்திருக்கக்கூடிய சக்தியின் எல்லை ஏறக்குறைய 16 ஜூல். அந்தச் சக்தியில் 30 மீற்றருக்குச் சரிபார்த்த 5.5 குண்டு, 60 மீற்றரில் ஒரு சாணுக்கும் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். முயலின் தலையில் உடனே உயிர் போகும் இடமோ இரண்டு விரல் அகலம்தான். காற்றடைத்த சிலிண்டர் உள்ள பி.சி.பி. வகை இன்னும் தூரம் போகும், ஆனால் அதற்குப் பம்பும் வேண்டும், பெரிய காசும் வேண்டும்.

அதுவும் சமதரையில், காற்றில்லாத நாளில். நம்ம மலையில் எங்கே சமதரை? மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு நினைத்த இடத்துக்கு மேலேதான் போகும். மரத்தில் இருக்கும் அணிலைத் தவறவிட்டால் குண்டைத் தடுக்கப் பின்னால் ஒன்றும் இல்லை. அது சில நூறு மீற்றர் போய் விழும். கீழே லயம், பக்கத்து மலையில் இடுப்பளவு தேயிலைக்குள் கொழுந்தெடுக்கும் நம்ம தாய்மார். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்றே தெரியாது.

சிறு கல்லைச் சுண்டி எறிவதை நபியவர்கள் தடுத்ததாக ஹதீஸ் உண்டு. அதனால் வேட்டைப் பிராணியும் விழாது, எதிரியும் வீழமாட்டான், யாருடையதாவது பல்லும் கண்ணும்தான் போகும் என்பது காரணம். இந்த ஈயக் குண்டைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. குண்டடிபட்டு அறுக்குமுன் செத்தது ஹலாலா என்று கேட்பவர்கள் மௌலவியிடம் கேளுங்கள், அது என் பாடம் இல்லை.

"அப்ப சுருக்குக் கம்பிதான் நல்லமா சேர்?" என்று தம்பி கேட்டார். 2020 மே 26 மறந்துவிட்டதா? நம்ம நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தும் 29ஆம் திகதி செத்துப்போனது. உலகத்தில் எத்தனையோ பேர் பார்க்க ஏங்கும் மிருகம் நம்ம தோட்டத்துக் கம்பியில் போனது. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

நமக்கு மேலே இருப்பது 1940இல் அறிவிக்கப்பட்ட சிவனொளிபாதமலைச் சரணாலயம், 2010இலிருந்து உலக மரபுரிமையும்கூட. அதற்குள் வேட்டை குற்றம். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அணிலுக்குப் பின்னால் ஓடுபவன் பார்ப்பதில்லை. பிடிபட்டால் கோட்டுக்கு அலைவது அந்தத் தம்பியின் அம்மாதான். குரங்கால் வரும் நட்டத்துக்கு அரசாங்கம் செய்தது என்ன? 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். குரங்கு இன்னும் வருகிறது. இந்தக் கோபம் எனக்கும் உண்டு.

குறிபார்க்கும் ஆசை இருந்தால் 4.5 ஸ்பிரிங் ரைபிள் போதும். வாங்குவதற்கு முன் பொலிசில் கேளுங்கள். பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, தகர டப்பாவைச் சுடுங்கள். உயிரைச் சுட வேண்டாம்.

சனிக்கிழமை காலை நாங்கள் நாலைந்து பேர் அந்தப் பாத்திக்கு வேலி போடப் போகிறோம். கூரைக்குக் கழற்றிய பழைய தகரம், கட்டுக்கம்பி வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.