வீரரே, கவசத்துக்கு எண்ணெய் போடுங்கள்!

“அழகியே, உங்கள் கோட்டை அகழி எவ்வளவு ஆழம்? எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் விழுந்துவிட்டேன்!”

அமெரிக்காவில் நடக்கும் ‘ரெனைசான்ஸ் ஃபேர்’ திருவிழாக்களில் இந்த மாதிரி வசனங்கள் சர்வசாதாரணம். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், சனிக்கிழமை கவசமும் வாளுமாக வந்து நிற்பார். பார்க்கிற பெண்களெல்லாம் ‘சீமாட்டி’. பார்க்கிற ஆண்களெல்லாம் ‘பிரபு’. கையில் ஆளுக்கொரு வறுத்த வான்கோழிக் கால். (இடைக்கால ஐரோப்பாவில் வான்கோழியே கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. யார் கேட்கப்போகிறார்கள்?)

1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபில்லிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை தொடங்கிவைத்த திருவிழா இது. இன்று அந்த நாடு முழுக்கப் பரவிவிட்டது. அங்கே போகிறவர்களுக்குப் பாதி சுவாரஸ்யமே இந்தக் கடலை வசனங்களில்தான்.

“இங்கே எங்காவது டிராகன் இருக்கிறதா? நீங்கள் வந்ததும் ஒரே அனலாக இருக்கிறதே!” என்று ஒருவர் ஆரம்பித்தால், பதில் இப்படி வரும்: “முதலில் உங்கள் கவசத்துக்கு எண்ணெய் போடுங்கள் வீரரே. நீங்கள் வரும் சத்தம் மூன்று கடை தள்ளிக் கேட்கிறது!”

சரி, நிஜமான இடைக்கால ஐரோப்பியர்கள் இப்படியா பேசினார்கள்? இதைவிட மோசமாகப் பேசினார்கள் என்பதுதான் உண்மை!

‘என் பிரபுவே!’

12-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் தென்பகுதியில் ‘ட்ரூபடூர்’ என்ற கவிஞர்கள் இருந்தார்கள். அரண்மனைச் சீமாட்டிகளைப் பாடுவதுதான் வேலை. தங்கள் காதலியை அவர்கள் அழைத்த சொல் ‘மிடோன்ஸ்’. அதற்கு அர்த்தம் ‘என் தலைவி’ இல்லை. ‘என் பிரபு’!

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வீரன் தன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, ‘இனி நான் உங்கள் ஆள்’ என்று சத்தியம் செய்வான். அதே மரியாதையை அப்படியே தூக்கிக் காதலிக்குக் கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் பெண்ணுக்குச் சொத்தும் அதிகாரமும் அபூர்வம். பாட்டில் மட்டும் அவள் பிரபு!

1180-களில் ஆண்ட்ரியாஸ் கேப்பெல்லானஸ் என்பவர் லத்தீனில் ஒரு காதல் கையேடே எழுதிவிட்டார். வணிகர் வீட்டு ஆண் பிரபு குலப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது, பிரபு குல ஆண் சாதாரணப் பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று அந்தஸ்து வாரியாக மாதிரி உரையாடல்கள் அதில் உண்டு. படிக்கச் சுவையாக இருப்பது ஆண்கள் பேசுவது அல்ல, பெண்கள் தரும் பதில்தான். பக்கம் பக்கமாக அளக்கிற ஆளை, வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்து உட்காரவைக்கிறார்கள். கடைசிப் பகுதியில் ஆசிரியரே, ‘காதலே வேண்டாம், விட்டுவிடு’ என்று முடித்துவிடுகிறார்!

விரலை வெட்டிய வீரர்

காதல் வசனத்துக்கு உச்சம் என்றால் உல்ரிக் ஃபான் லிக்டன்ஸ்டைன்தான். இன்றைய ஆஸ்திரியாவைச் சேர்ந்த வீரர். 1255-ல் தன் காதல் சாகசங்களைத் தானே பாட்டாக எழுதினார்.

அதில் அவர் சொல்வதைக் கேளுங்கள். தன் உதட்டின் அமைப்பு சீமாட்டிக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! ஈட்டிப் போட்டியில் விரல் போய்விட்டது என்று அவளுக்குச் செய்தி போனது. பிறகு பார்த்தால், விரல் அப்படியே இருக்கிறது. ‘அப்போ சொன்னது பொய்யா?’ என்று அவள் கோபித்துக்கொள்ள, விரலை நிஜமாகவே வெட்டி அனுப்பிவைத்தார். 1227-ல் காதல் தேவதை வீனஸ் மாதிரிப் பெண் உடையும் பின்னலுமாகக் கிளம்பி, வெனிஸ் பக்கத்திலிருந்து பொஹீமியா எல்லை வரை போனார். வழியில் எதிர்ப்பட்ட வீரர்களோடெல்லாம் ஈட்டிச் சண்டை.

இத்தனைக்கும் வீட்டில் மனைவி உண்டு. நடுவில் அவரையும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அவரே எழுதுகிறார்!

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சரடு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கதையாகவே இருக்கட்டும். அந்தச் சீமாட்டி அவ்வளவு சுலபத்தில் ‘சரி’ என்று சொல்லிவிடவில்லை. உல்ரிக்குக் கேட்க நேரமில்லை. அவர் அடுத்த சாகசத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் டைம் கொடுங்க!

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இங்கிலாந்துக் கவிஞர் ஜெஃப்ரி சாஸர் 14-ம் நூற்றாண்டிலேயே கிண்டலடித்துவிட்டார். அவருடைய ‘பறவைகளின் சபை’யில், வாலன்டைன் திருநாளன்று பறவைகள் எல்லாம் ஜோடி தேடிக் கூடுகின்றன. ஒரு பெண் கழுகுக்காக மூன்று ஆண் கழுகுகள் போட்டிபோட்டு அரண்மனைத் தமிழில், மன்னிக்கவும், அரண்மனை ஆங்கிலத்தில் முழங்குகின்றன. பேச்சு முடிந்தபாடில்லை. வாத்தும் குயிலும் பொறுமையிழந்து கத்தவே ஆரம்பித்துவிடுகின்றன.

கடைசியில் பெண் கழுகிடம் முடிவு கேட்கிறார்கள். ‘யோசிக்க ஒரு வருஷம் அவகாசம் வேண்டும்’ என்கிறது அது. கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். வசனம் பேசிய மூவரும் வெறும் அலகோடு திரும்புகிறார்கள்.

உண்மையான கடிதம்

இனி கொஞ்சம் சீரியஸ். 1477 பிப்ரவரி. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண்ணுக்கும் ஜான் பாஸ்டனுக்கும் கல்யாணப் பேச்சு. வரதட்சணையில் வந்து இடிக்கிறது. அப்பா சொன்ன தொகைக்கு மேல் தர மறுக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு அது போதவில்லை. பெண்ணின் அம்மாவோ, வாலன்டைன் நாளில் பறவைகளெல்லாம் ஜோடி சேருமே என்று சாடையாக எழுதி, மாப்பிள்ளையை வீட்டுக்கு வரச்சொல்கிறார்.

மார்ஜரியும் எழுதினாள். ஆங்கிலத்தில் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய வாலன்டைன் கடிதம் அதுதான். டிராகனும் இல்லை, அகழியும் இல்லை. உடம்பும் மனசும் சரியில்லை, உங்களிடமிருந்து சேதி வந்தால்தான் சரியாகும் என்கிறாள். அம்மா எவ்வளவோ போராடியும் அப்பா அசையவில்லை. என்னை நேசிப்பது நிஜமானால், இதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள். உங்களிடம் இருப்பதில் பாதிகூட இல்லாவிட்டாலும் நான் உங்களை விடமாட்டேன் என்கிறாள்.

பணத்தால் கல்யாணம் நின்றுபோகலாம் என்ற நிலையில், தன் மனதை இவ்வளவு வெளிப்படையாக எழுத எத்தனை தைரியம் வேண்டும்! அவன் பதிலுக்காகக் காத்திருக்கும் பயமும் அதிலேயே தெரிகிறது.

அதே வருஷம் கல்யாணம் நடந்தது.

விளையாட்டு வசனங்கள் சிரிக்கத்தான். எதிரே இருப்பவரும் சேர்ந்து சிரித்தால், தாராளமாக டிராகனை அவிழ்த்துவிடலாம். சிரிக்கவில்லையா? சாஸரின் கழுகுகள் மாதிரி மரியாதையாகப் பறந்துவிட வேண்டும். விரலையெல்லாம் வெட்டக்கூடாது.

அப்புறம் ஒன்று. இந்தக் கடிதத்தை உங்களைத் தவிர யாருக்கும் காட்டிவிடாதீர்கள் என்று மார்ஜரி ஜானிடம் கெஞ்சியிருந்தாள். பாவம், அது இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. ஊர் உலகமே படித்துவிட்டது!