வயிற்றுவலியும் நம் தாமதமும்



வேங்கிக்காலில் நாம் நடத்தும் மாலை மதரஸாவில் ஒருநாள் பத்து வயது மாணவன் ஒருவன் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்தான். தொப்புளைச் சுற்றி வலிப்பதாகச் சொன்னான். ஓதி ஊதிவிட்டு வீட்டிற்கு அனுப்பினோம். வீட்டில் தேனும் ஓமத் தண்ணீரும் கொடுத்தார்கள். இரவில் விளக்கெண்ணெயும் கொடுத்தார்கள். மறுநாள் வலி வலப்பக்க அடிவயிற்றிற்கு இறங்கியது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தன. மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தபோது, அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்தத் தாமதத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகமே அமைந்துள்ள ஊர் நம்முடையது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. 108ஐ அழைத்தால் கட்டணமின்றி வண்டி வரும். ஆகவே அச்சிறுவனைத் தாமதப்படுத்தியது தூரமும் அன்று, செலவும் அன்று. "ஓதியாயிற்று, தேன் கொடுத்தாயிற்று, இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற நம் எண்ணமே தாமதப்படுத்தியது.

இது தவக்குல் ஆகாது. தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டென்று அந்நஹ்ல் அத்தியாயம் கூறுவதை நாம் முழுமையாக நம்புகிறோம். வயிற்று நோயுற்ற ஒருவருக்குத் தேன் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஆனால் அதே முஸ்லிம் நூலில் இன்னொரு செய்தியும் உள்ளது. உபை பின் கஅப் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரை அனுப்பினார்கள். அம்மருத்துவர் நரம்பைக் கீறிச் சூடிட்டுச் சிகிச்சை செய்தார். துஆ கேட்பதில் எவரினும் மேலான அந்த நபியே மருத்துவரை அனுப்பினார்கள் என்றால், மருத்துவரிடம் செல்வது ஈமானின் குறைவாக எப்படி ஆகும்? முதல் செய்தியை மட்டும் மனத்தில் வைத்து இரண்டாவதை மறந்துவிடுவது நம் குறை.

எனவே பெற்றோர் சில அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும். வலி வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து, நடந்தாலும் இருமினாலும் கூடுதல். வயிறு கல்போல் இறுகுதல். பச்சை நிற வாந்தி. மலத்தில் இரத்தம் அல்லது தார்போன்ற கருமை. கருவுற்ற பெண்ணுக்குக் கடும் வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கலாகாது. பேதி மருந்தோ விளக்கெண்ணெயோ கொடுக்கலாகாது. மேல்வயிற்று வலியுடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். வாயுத் தொல்லை என்று இருந்துவிடக் கூடாது. பெண் மருத்துவர் இல்லையே என்று நம் சகோதரிகள் வலியை மறைக்கிறார்கள். நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கம் அனுமதி அளித்துள்ளது.

வருமுன் காப்பதிலும் சுன்னத்தே வழிகாட்டுகிறது. வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது. அதை மேடையில் சொல்லிவிட்டு, ரமளானில் மஃரிபுக்கு முன்பே தட்டு நிறையச் சமோசாவும் வடையும் அடுக்குகிறோம். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதாதா? வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் அடிக்கடி விழுங்குவது இரைப்பையைப் புண்ணாக்கும். பிள்ளைகளுக்குக் கொதித்து ஆறிய நீரும், சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கமும் வேண்டும். 1 முதல் 19 வயதுவரை உள்ளோருக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிட வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் முதல் வேளையிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அந்த எளிய உப்பு சர்க்கரை நீரால் எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

இப்போது நம் மதரஸாவில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் ஓதுகிறோம். ஓதிக்கொண்டே அவனுடைய அத்தாவைத் தொலைபேசியில் அழைக்கிறோம். வலி எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று கேட்டுச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்யுங்கள்.

நோயைத் தந்தவனும் மருந்தைத் தந்தவனும் அல்லாஹ்வே. நம் பிள்ளைகள் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவையும் நமக்கு விழிப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.