ஸ்டியரிங்கில் கை, போனில் கண்! பைக்கில் போகிறவர் கதி?

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்!

தப்பு யாருடையது என்று கோர்ட்டு பிறகு சொல்லும். ஆஸ்பத்திரியில் கிடப்பது பைக்கில் போனவர்தான்.

கணக்கைப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் 2 விநாடி போனைப் பார்த்தால் 22 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்! 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஏற்றினார்கள். போன் கையை விட்டு இறங்கியதாகத் தெரியவில்லை.

ஆகவே, "அவர் நம்மைப் பார்க்கவில்லை" என்றே வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இண்டிகேட்டரை மட்டும் நம்பாதீர்கள். முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். பஸ்சின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியவில்லையா? அவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

சென்னையில் ஒருவர் கை காட்டினால் போதும், ஆட்டோ சடாரென்று இடது பக்கம் ஒடிக்கும். சவாரி அவர் பிழைப்பு, யாரைச் சொல்லி என்ன? இடைவெளி விட்டுத்தான் போகணும்.

ஓரமாக நிற்கும் காருக்குள் ஆள் தலை தெரிகிறதா? எந்த நிமிஷமும் கதவு திறக்கும். ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்!