மொரீசியஸ் சிர்கான் குமரிக்கண்டத்துக்குச் சாட்சியல்ல

மொரீசியஸ் தீவுக்கு அடியில் பழங்கண்டத் துண்டொன்று இருப்பது தெரிந்துவிட்டது, ஆகவே தமிழகத்துக்குத் தெற்கே இருந்ததாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் மூழ்கியதும் உண்மை என்று வாதிடுகிறார்கள் சிலர். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு அதில் ஆதாரமே இல்லை.

அந்தத் தீவின் எரிமலைப் பாறைகளுக்கு வயது அதிகபட்சம் ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகள்தான். அவற்றுக்குள் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் படிகங்கள் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கீழே புதைந்த கண்டப் பாறையிலிருந்து எரிமலைக் குழம்பு அவற்றை மேலே கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பாறை அங்கே வந்தது எப்படி? சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது, இழுபட்டு மெலிந்த ஒரு சிம்பு நடுவே தங்கிவிட்டது. மனித இனத்துக்கோ வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அந்தத் துண்டில் நகரம் எழுப்ப யாருமில்லை.

கண்டப் பாறை இலகுவானது, தடித்தது. பெருநிலமொன்று திடுமெனக் கடலடிக்குப் போய்விடாது. குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் லெமூரியா என்ற மூழ்கிய கண்டத்தை பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் முன்வைத்தபோது புவித்தட்டுகள் நகர்வது யாருக்கும் தெரியாது. இன்று தெரியும்.

இதற்காகத் தமிழ் இலக்கியம் பேசும் கடல்கோளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று நடந்து கடக்கும் நிலம். பின்னர் கடல் உயர்ந்து மூடிய நிலத்தைத் தேட வேண்டியது ஆழமற்ற இந்தக் கரையோரக் கடலில்தான்.