விமானியாக விரும்பும் பிள்ளையும் நாமும்

"எதிர்காலத்தில் என்னவாக விரும்புகின்றாய்?" என்ற வினாவிற்கு மருத்துவர், பொறியியலாளர் என்று விடை வந்தால் நாம் மகிழ்கின்றோம். "விமானி" என்று ஒரு பிள்ளை கூறினால் மட்டும் மௌனமாகின்றோம். அம்மௌனத்தின் காரணத்தை நாம் அறிவோம். விமான இரைச்சல் கேட்டதும் பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறையினர் நாம். கார்டமூனில் விமானம் மேலெழுவதைக் கண்டு கைகொட்டும் பிள்ளைக்கு அவ்வச்சம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை.

எம் மண்ணுக்கும் விமானத்திற்கும் உள்ள உறவு குண்டுவீச்சுடன் தொடங்கியதன்று. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. ஆயினும் விமானியாகும் வாய்ப்பு அங்கு மிகச் சிலருக்கே கிட்டியது. 1979இல் எயார் லங்கா தோன்றிய பின்னரும் வேலை தரக்கூடிய பெரிய நிறுவனம் அது ஒன்றே. பயிற்சிச் செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தோளிலேயே விழுந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் அனுபவமிக்க விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர்.

மலையும் கடலும் ஊர்களைப் பிரிக்கும் நோர்வேயிலோ விமானம் அன்றாடத் தேவையாகும். வடபுலத்தில் எண்ணூறு மீற்றர் அளவே நீளமுள்ள ஓடுபாதைகளிலும் வீடரோ நிறுவனத்தின் விமானங்கள் இறங்குகின்றன. ரொம்சோப் பல்கலைக்கழகம் விமானியர் கல்வியைப் பட்டப்படிப்பாகவே அமைத்தது. இத்துறை ஆண்களுக்கு மட்டும் உரியதுமன்று. எஸ்.ஏ.எஸ். நிறுவனம் தூரி வீடரோ என்ற பெண்மணியை 1969இலேயே விமானியாக ஏற்றது. இந்தியாவில் விமானிகளுள் பெண்களின் விகிதம் உலகச் சராசரியைவிட இரு மடங்கிற்கும் அதிகம். ஆகவே, "பெண்பிள்ளைக்கு இது ஏன்?" என்ற கேள்விக்கு இங்கும் இடமில்லை, அங்கும் இடமில்லை.

எனினும், இங்குள்ள பாதை மலர் விரித்ததன்று. 2021இல் பறக்கத் தொடங்கிய ஃப்ளைர் நிறுவனம் 2023 பெப்ரவரியில் முறிவடைந்தது. 2022 யூலையில் எஸ்.ஏ.எஸ். விமானிகள் இரு வாரங்களாக வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் வீழ்ந்தாலும் பயிற்சிக்காகப் பெற்ற கடன் வீழ்வதில்லை. உடற்தகுதிப் பரிசோதனையும் ஒருமுறையுடன் முடிவதன்று. தொழிலில் உள்ளவரை தொடரும்.

செலவு குறையும் என எண்ணிப் பிள்ளையை இந்தியாவிற்கோ இலங்கைக்கோ அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். அங்கு பெறும் உரிமத்தை இங்கு அப்படியே பயன்படுத்த இயலாது. ஐரோப்பிய விதிகளின்படி எழுத்துத் தேர்வுகளையும் பறத்தற் தேர்வையும் மீண்டும் எதிர்கொள்ள வேண்டும். எங்கு பயில்வது என்பதற்கு முன்னர், எங்கு தொழில் செய்வது என்பதையே தீர்மானித்தல் வேண்டும்.

பெற்றோரே! சம்பளத்தைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். பழைய அச்சத்தால் மறுக்கவும் வேண்டாம். பிள்ளையின் உடல்நலம், கணித பௌதிக ஆர்வம், குடும்பம் தாங்கக்கூடிய கடன் ஆகிய மூன்றையும் பிள்ளையுடன் அமர்ந்து ஆராய்ந்து முடிவெடுப்போம். மாணவச் செல்வங்களே! ஆசை மட்டும் போதாது; கணிதத்தையும் ஆங்கிலத்தையும் இன்றே கருத்தூன்றிக் கற்பீர்களாக.

பலாலி 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாம் அஞ்சிப் பார்த்த அவ்வானில், இங்கு தமிழ் கற்ற ஒரு பிள்ளை விமானியாக வந்திறங்கிப் பயணிகளைத் தமிழில் வரவேற்கும் நாள் வருமாயின், எம் மௌனம் அன்று முற்றாகக் கலையும்.