கிராக் தொட்டவர் மீளவே முடியாதா?

“ஒரே ஒரு இழுப்பு போதும், ஆயுசுக்கும் அடிமை.” 1980களின் நடுவில் நியூயார்க், மியாமி, லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கிராக் என்ற போதைப் பொருள் பரவியபோது அமெரிக்க ஊடகங்கள் ஓயாமல் சொன்ன சேதி இது. பயமுறுத்தினால் யாரும் தொடமாட்டார்கள் என்ற நல்லெண்ணம் இதன் பின்னால் இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே தொட்டுவிட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும் இது சொல்வது ஒன்றுதான்: இனி முயன்று பயனில்லை.

முதலில் அந்த ஒற்றை இழுப்பைப் பார்ப்போம். கொக்கைன் தூளோடு சமையல் சோடாவும் தண்ணீரும் கலந்து சூடாக்கினால் கிடைக்கும் கட்டிதான் கிராக். அதன் புகை நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளையைத் தொடும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் போதை வடிந்துவிடும். உடனே அடுத்ததற்கு மனம் அலையும். மூக்கில் உறிஞ்சும் தூளைவிடக் கிராக் சீக்கிரம் பிடித்துக்கொள்ள இந்த வேகமே காரணம். இதில் மறுக்க ஒன்றுமில்லை. எல்லோரும் அடிமையாவார்கள் என்பதுதான் பொய். அமெரிக்காவின் தேசிய அளவிலான கணக்கெடுப்பை வைத்து 2011இல் வந்த ஆய்வின் மதிப்பீட்டில், கொக்கைனை ஏதாவது வடிவில் பயன்படுத்தியவர்களில் வாழ்நாளில் அடிமையானவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம். நிக்கோட்டினுக்கு அது 67. கொக்கைனைக் கிராக்காகப் புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்பது உண்மையே. அப்போதும் அது அனைவருக்குமான தலைவிதி அல்ல. அதே கணக்கெடுப்பை வைத்து வந்த இன்னொரு ஆய்வின் முடிவைத்தான் யாரும் பேசுவதில்லை: கொக்கைனுக்கு அடிமையானவர்களில் பாதிப்பேர் சுமார் ஐந்து ஆண்டுகளில் அதிலிருந்து மீண்டிருந்தார்கள். நிக்கோட்டினில் அந்தப் பாதியை எட்ட 26 ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் கிராக் சாதுவானதா? இல்லவே இல்லை. கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 24 மடங்காக உயர்ந்ததை 1999இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உதடு வெந்துபோகும், இருமலில் ரத்தம் வரும். தூக்கமில்லாத சந்தேகப் பித்தில், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக நினைத்துச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள். கூடவே மதுவும் குடித்தால் கல்லீரலில் கோக்கஎத்திலீன் என்ற பொருள் உண்டாகி இதயத்தை இன்னும் வதைக்கும். இத்தனை உண்மைகள் கையில் இருக்கும்போது பொய்யை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

‘கிராக் குழந்தைகள்’ கதையும் அப்படித்தான் வளர்ந்தது. 1985இல் கருவில் கொக்கைன் பட்ட வெறும் 23 சிசுக்களை வைத்து ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு தலைமுறையே மூளை கெட்டுப் பிறக்கிறது என்று எழுதித் தள்ளினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட், இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இருபதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். கருவில் கொக்கைன் பட்ட குழந்தைகளுக்கும் படாத குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரு தரப்பும் பின்தங்கியிருந்தன. இரு தரப்பும் ஏழைகள். கர்ப்பத்தில் கொக்கைன் குறைப்பிரசவத்துக்கும் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் காரணமாகலாம் என்பது வேறு விஷயம், அது மெய்.

பீதியின் இன்னொரு விளைவு 1986ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். 5 கிராம் கிராக்குக்குக் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. அதே தண்டனைக்குத் தூளாக 500 கிராம் வேண்டும். பொருள் ஒன்று, அளவில் நூறு மடங்கு வித்தியாசம். சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010இல் அந்த விகிதம் 18க்கு 1 ஆனது. இன்னும் சமமாகவில்லை.

“இதற்கு மருந்தே இல்லை, அதனால் சிகிச்சையும் இல்லை” என்பது பாதி உண்மை. கொக்கைன் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லைதான். ஆனால் 1990களில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் செய்துகாட்டியது வேறு வழி. சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கைன் இல்லையென்றால் ஒரு கூப்பன். தொடர்ந்து இல்லாமலிருந்தால் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை சறுக்கினால் மறுபடி முதல் படி. கூப்பனைப் பணமாக்க முடியாது, பொருளாக வாங்கிக்கொள்ளலாம். கூடவே மனநல ஆலோசனையும் வேலை தேட உதவியும் உண்டு. கேட்டதும் பலருக்குக் கோபம் வரும்: ஒழுங்காக இருப்பதற்கு லஞ்சமா? லஞ்சமோ என்னவோ, ஊக்கிப் போதைப் பொருள்களுக்கு இதைவிட வலுவான ஆதாரமுள்ள சிகிச்சை இல்லை. இது ஏன் பலிக்கிறது என்பதை இன்னொரு சோதனை காட்டுகிறது. நரம்பியல் ஆய்வாளர் கார்ல் ஹார்ட், கிராக் புகைப்பவர்களிடம் ஒரு தேர்வை வைத்தார்: இந்த டோஸா, இந்தப் பணமா? டோஸ் சிறிதாக இருந்தபோது பலர் பணத்தை எடுத்தார்கள். புத்தி முழுக்கப் பறிபோனவர் இப்படிக் கணக்குப் போடமாட்டார். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் கூப்பன் முறையைப் பின்பற்றுகின்றன. கூப்பன் நின்றதும் சிலர் திரும்பச் சறுக்குகிறார்கள் என்பது இதன் குறை. அதனால்தான் ஆலோசனையும் வேலையும் குடியிருக்க இடமும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

உங்களுக்கு வேண்டியவர் யாராவது இதை விட முயன்றால், முதல் நாள்களில் அவரைத் தனியே விடாதீர்கள். மதுவை நிறுத்தினால் வருவதுபோல் வலிப்பு பொதுவாக வராது. ஆனால் ஓயாத தூக்கமும் பசியும் கடும் மனச்சோர்வும் வரும். சாக வேண்டும் என்று பேசினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே திரும்ப எடுப்பது உயிருக்கு ஆபத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அமெரிக்காவில் இப்போது கொக்கைனில் ஃபென்டானில் என்ற மிக வீரியமான வலிநிவாரணி கலந்திருக்கவும் கூடும். சறுக்கினால் ஏசாமல், மறுநாளே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.