உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நெகிரி செம்பிலான், ரந்தாவ் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவன் எழுதுகிறேன். தனியே கேட்டுப் பார்த்தாயிற்று. இனி ஊரறியக் கேட்கிறேன்.

1917இல் 'கருணாசாகரன்' நாவல் வந்த காலந்தொட்டு, இந்நாட்டில் தமிழ் நூல் பெரும்பாலும் எழுதியவரின் கைக்காசில்தான் அச்சேறுகிறது. வெளியீட்டு விழாவில் பத்து வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ உறையில் வைத்துக் கொடுத்து நூல் வாங்குவோம். அடுத்த நூலுக்கு அதுவே முதல். வல்லினம் போன்ற சிறு பதிப்பகங்கள் எழுந்தது இந்த மண்ணில்தான். 1981இல் தொடங்கிய தேசிய இலக்கியவாதி விருது மலாய்ப் படைப்புகளுக்கு மட்டுமே உரியது. தமிழில் எழுதுவது தேசிய இலக்கியக் கணக்கில் வராது. அதனால் யாரும் எழுதாமல் இருந்துவிடவில்லை.

கணக்கில் வராத எங்களை 2020 டிசம்பரில் உங்கள் அமைச்சு திரும்பிப் பார்த்தது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலுக்குத் தடை. கெடா, லூனாஸில் 1981இல் விஷச் சம்சு சாராயம் குடித்துத் தோட்டத்து மக்கள் மாண்ட துயரத்தைப் பேசும் நாவல் அது. ஒழுக்கத்துக்குக் கேடு என்றார்கள்.

யாருடைய ஒழுக்கம் ஐயா? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கையில் உளி, தோளில் காண்டா வாளி. ரப்பர்த் தீம்பாருக்குள் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கைநீட்டினால் ஓடிவர எந்தப் போலீசும் இல்லை. வசவு பேசும் வாய்தான் இருந்தது. அந்த வாய்க்குப் பயந்து ஒதுங்கிப்போன மண்டோர்களை எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு நாவலாக அச்சில் வந்தால் ஆபாசம் என்கிறீர்கள். அந்தப் பெண்கள்மேல் நீண்ட கைகளை எந்தச் சட்டம் கேட்டது?

தடை செய்த நூலை விற்றால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தக்க காரணமின்றி வீட்டில் வைத்திருந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதம். லயங்களை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். எங்கள் தாய்மார் பேசிய பேச்சு மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட நூல்களில்தான். அதை அலமாரியில் வைத்திருந்தால் நான் குற்றவாளியா?

மானியம் கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. தமிழ் தெரிந்தவர்களை, தோட்டம் தெரிந்தவர்களை உட்காரவைத்து அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் வாசகர்களாகிய நாங்களே சொல்வோம். அது எங்கள் வேலை. உங்கள் வேலை அந்தத் தடையாணையை மீட்டுக்கொள்வது. அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தமிழ் வாசகன்